தீப்படாத பானை

ஓமத் தீநீர், அதாவது ஓமத்தை ஆவியில் வடித்த நீர், நன்றாக வந்திருந்தால் "ஓமம் நல்ல ஓமம்" என்பார்கள். செம்புப் பானையைப் புகழ்கிறவர்கள் உண்டு. வாலையில் வடித்து இறக்கியவரின் கைராசி என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு இந்த மூன்றிலும் அரை நம்பிக்கைதான். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் நான் ருசி பார்த்த தீநீர்களில் இன்றும் நாக்கு மறக்காதவை எல்லாம் இரண்டாம் பானை வைத்து இறக்கியவை. அடுப்பின் மேல் முதல் பானை. அதில் வெறும் தண்ணீர். பக்கத்தில் செங்கல் மேல் இரண்டாவது பானை. ஓமம் இருப்பது அதில். அதன் அடியில் விறகும் இல்லை, கங்கும் இல்லை, கேஸ் பர்னரும் இல்லை. முதல் பானையின் ஆவி குழாய் வழியாக வந்து இதன் வயிற்றுக்குள் இறங்குகிறது. அந்தச் சூட்டிலேயே இது கொதிக்கிறது. இதன் தலையிலிருந்து கிளம்புகிற ஆவியைத்தான் குளிரவைத்துப் பிடிக்கிறோம்.

வாலை என்றாலே ஒரே பானையும் மேலே குளிர்தண்ணீர்ச் சட்டியும்தான் என்று வாதாடுகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தின் பழைய வாலை அப்படிப்பட்டதுதான், மறுக்கவில்லை. மேல்சட்டியின் அடியில் ஆவி படிந்து, உள்விளிம்பின் பள்ளத்தில் ஓடி, மூக்கு வழியே சொட்டும் அந்த அமைப்பு அழகானது; ஓர் ஆள் உட்கார்ந்து மேல்தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் வேலையும் செய்யும். ஆனால் அதில் ஓமம் தண்ணீரோடு சேர்ந்து வேகிறது. அடிச்சூடு கொஞ்சம் ஏறினால் போதும், ஓமம் அடியில் ஒட்டும். ஒட்டினது கருகும். கருகின வாசனை தீநீரில் ஏறினால் எந்த வைத்தியனாலும் இறக்க முடியாது. ஒற்றைப் பானைக்காரர்கள் இதை 'காரம்' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அது காரம் இல்லை, தீய்ந்த வாடை.

இரண்டாம் பானையில் தீய்வதற்கு வழியே இல்லை. உள்ளே இருக்கிற எதுவும் ஆவியின் சூட்டைத் தாண்டிப் போகாது. ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது ஏறக்குறைய 540 கிலோகலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது. இரண்டாம் பானையின் அடியில் நான் வைக்கிற இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக, பானை குடிக்கிற சூட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கால் லிட்டர் தண்ணீர் அளவு ஆவி போதும். அதற்குப் பிறகு வருகிற ஆவி நின்று இளைப்பாறாமல் ஓமத்துக்குள் நுழைகிறது. ஓமத்தின் காரத்துக்குக் காரணமான தைமாலின் கொதிநிலை 232 டிகிரி. அதைத் தனியாகக் கொதிக்கவைக்க நினைத்தால் வீடே மணக்கும், அப்புறம் வீடே தீயும். நீராவியோடு கைகோத்தால் 100 டிகிரிக்குள்ளேயே எழுந்து வந்துவிடுகிறது. இரண்டு ஆவிகளின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டுவதுதான் காரணம். இது எல்லா வாலைக்கும் பொது. இரண்டாம் பானை செய்வது, இந்த வேலையைத் தீயிடமிருந்து பிரித்துவைப்பது.

அதன் சத்தத்தைச் சொல்லாமல் நகர மாட்டேன். முதல் ஆவி குளிர்ந்த தண்ணீருக்குள் புகும்போது ஒவ்வொரு குமிழும் சட்டென்று சுருங்கி உடைகிறது. தடக், தடக் என்று பானையின் அடி அதிரும்; பக்கத்து வீட்டு மாடியில் யாரோ அம்மிக் குழவியை உருட்டுவதுபோல இருக்கும். அமெரிக்க மலைநாட்டில் இதே அமைப்புக்கு 'தம்பர்' என்று பேர் வந்தது இந்தச் சத்தத்தால்தான். கொஞ்ச நேரம் போனால் தடக்குகளுக்கு இடைவெளி குறையும், கனம் குறையும், பிறகு ஒரு முணுமுணுப்பு, அதன்பின் கொதி. புதிதாகப் பார்க்கிறவர்கள் தடக் சத்தத்துக்குப் பயந்து தீயைக் குறைப்பார்கள். குறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் தயங்குகிற ஆவி ஓமத்தை நனைத்து ஊறவைத்துவிடும். ஊறின ஓமம் பிசினாகும். பிசினுக்குள் ஆவி ஏறாது. எனக்கு இதைக் காட்டிக்கொடுத்த வத்திராயிருப்பு வைத்தியர் பானைப் பக்கம் பார்க்கவே மாட்டார். திண்ணையில் வெற்றிலை மடித்தபடி காதை மட்டும் அங்கே வைத்திருப்பார். "சத்தம் நின்னுருச்சுல்ல தம்பி? சீசாவை எடுத்து வை" என்பார். அடுத்த நிமிடம் முதல் சொட்டு விழும்.

அவருடைய பானையில் நான் வெறித்துப் பார்த்தது ஒரே ஒரு இடத்தைத்தான்: ஆவிக்குழாயின் கீழ்வாய். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பானையின் வயிற்று வளைவு, மூடியின் கழுத்து, குளிர்ச்சுருளின் நீளம் என்று பேச எவ்வளவோ இருக்க, தண்ணீருக்குள் மூழ்கிக் கண்ணுக்கே தெரியாத ஒரு குழாய் முனையைப் பற்றி என்ன பேச்சு? ஆனால் தீநீரின் நல்லது கெட்டது அங்கேதான் தீர்மானமாகிறது. நேராக வெட்டிய அரை இஞ்ச் குழாயை அப்படியே இறக்கினால் குமிழ் பெரிது பெரிதாக வரும். பானை குலுங்கும், மேல்தட்டில் பரப்பிய ஓமம் குதிக்கும், ஒரு பக்கம் ஒதுங்கும். ஒதுங்கின இடத்தில் ஆவிக்கு ராஜபாட்டை கிடைத்துவிடுகிறது. பிறகு மணிக்கணக்கில் விறகு எரித்தாலும் அந்த ஒரே வழியில்தான் ஏறும். மற்ற ஓமம் சும்மா வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வைத்தியர் குழாயின் முனையை அடைத்துவிட்டார். கடைசி ஒரு சாண் நீளத்தை வளைத்து, பானையின் அடியோடு வட்டமாகப் படியவைத்து, அந்த வளையத்தில் சுற்றிலும் தர்ப்பைப்புல் நுழைகிற அளவுக்குத் துளை போட்டிருந்தார். துளைகள் மேலே பார்க்கவில்லை, சாய்வாகக் கீழே பார்த்தன. ஆவி முதலில் பானையின் அடியை மோதி, பரவி, அப்புறம் எழும்பும். வளையத்தின் மேல் மூன்று விரல் தண்ணீர். தண்ணீருக்கு மேலே நான்கு விரல் இடைவெளி விட்டு, மூன்று கால் வைத்த சல்லடைத் தட்டு. தட்டில் பருத்தித் துணி, துணியின் மேல் ஓமம். அந்த மூன்று விரல் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். முதல் பானையிலிருந்து தெறித்து வருகிற உப்புத்துளி இங்கே தங்கிவிடும் என்றார். ஆவியை வடிகட்டுகிற தண்ணீர். ஒற்றைப் பானையில் இதற்கு இடமே இல்லை.

எங்கள் ஊருக்கு இந்தத் தண்ணீர் விஷயம் சின்ன விஷயம் அல்ல. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிற பகுதி இது. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குடத்தை வரிசையில் வைக்கிற வீடுகளில், வாலைக்கென்று நல்ல தண்ணீர் கேட்டால் யார் கொடுப்பார்கள்? இரண்டு பானை முறையில் முதல் பானைக்குச் சவர்த்தண்ணீரே போதும். உப்பு அங்கேயே நின்றுவிடும், ஆவி மட்டும் புறப்படும். எலுமிச்சைத் தோலும் புளியும் போட்டு மாதம் ஒருதரம் அந்தப் பானையைத் தேய்த்தால் போகிறது. நல்ல தண்ணீர் வேண்டியது இரண்டாம் பானைக்கு இரண்டே லிட்டர். கன்னோஜ் அத்தர் பெருமை பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது. அவர்கள் கங்கைச் சமவெளியில் இருக்கிறார்கள்.

கன்னோஜை நான் குறைத்துச் சொல்லவில்லை. செம்பு தேக் என்கிற கொதிபானை, மூங்கில் குழாய், தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்ந்திருக்கும் பப்கா என்கிற வடிகுடம், அதற்குள் காத்திருக்கும் சந்தன எண்ணெய், வாயில் பூசிய களிமண் எல்லாம் சேர்ந்த அந்தக் காட்சிக்கு 2014-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நியாயமே. ஆனால் அது ரோஜாவுக்கு. ரோஜா இதழைத் தட்டில் பரப்பி ஆவி விட்டால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடை தட்டிவிடும். அது தண்ணீரில் மிதந்தால்தான் மணத்தை விடும். ஓமம் விதை. மணம் அதன் முதுகு வரிகளுக்கு இடையே சன்னக் குழாய்களில் அடைபட்டிருக்கிறது. அதை நனைக்கத் தேவையில்லை, ஊடுருவ வேண்டும். மருந்தியல் கல்லூரி ஆசிரியர்கள் சிலருக்குக் கண்ணாடிதான் கடவுள். 1928-ல் கிளெவெஞ்சர் வடிவமைத்த கருவியை மேசையில் வைத்து, அளவுக்கோட்டில் எண்ணெய் ஏறுவதைக் காட்டுவார்கள். நூறு கிராமுக்கு எவ்வளவு எண்ணெய் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. குடிக்கிற தீநீர் அதில் எப்படி வரும்? குக்கர் கோஷ்டி இன்னொன்று. விசில் கழற்றின இடத்தில் ரப்பர் டியூபைச் செருகி, மறுமுனையை ஐஸ் வாளியில் விட்டு, தீநீர் என்று சாதிப்பார்கள். தைமால் ரப்பருக்குள் ஊறும், ரப்பர் தைமாலுக்குள் ஊறும். வாயில் விட்டால் சைக்கிள் கடை.

ஓமத்தை இடிப்பதிலும் பெரிய சண்டை இருக்கிறது. மாவாக இடித்தால் சீக்கிரம் இறங்கும் என்பது ஒரு கட்சி. இறங்கும், ஐந்து நிமிடத்துக்கு. அப்புறம் தட்டு அடைத்துக்கொள்ளும். முழுசாகப் போடு என்பது இன்னொரு கட்சி. அவர்கள் பொழுது சாய்கிற வரை விறகு தள்ளுவார்கள். உரலில் ஒன்றிரண்டாக உடைத்து, உடைத்த கையோடு தட்டில் போட வேண்டும் என்பது என் கட்சி. உடைத்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனால், திரும்பி வரும்போது முற்றமெல்லாம் மணக்கும். அந்த மணம் சீசாவுக்குள் போக வேண்டியது. இறக்கி முடித்தபின் தட்டைக் கவிழ்த்து நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று எடுத்து மென்று பாருங்கள். இரண்டும் தவிடாக இருந்தால் ஆவி ஒழுங்காகப் பரவியிருக்கிறது. ஓரத்து விதை இன்னும் நாக்கைச் சுட்டால் குழாய் முனையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இதைவிட நம்பகமான பரிசோதனை எனக்குத் தெரியாது.

கணக்கும் இருக்கிறது. நல்ல ஓமத்தில் எண்ணெய் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு. கிலோவுக்கு முப்பது கிராம் என்று வையுங்கள். அதில் ஏறத்தாழ பாதி தைமால். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிராம் தைமாலைத்தான் தாங்கும். மிச்சம் மேலே மிதக்கும். அதனால் கிலோவுக்கு எட்டு லிட்டருக்குக் குறைவாக இறக்கி, 'கெட்டி' என்று பெருமைப்படுவதில் பொருளில்லை; மிதக்கிற எண்ணெயைச் சீசா மாற்றும்போது துணியில் விட்டுவிடுவார்கள். முதல் அரை லிட்டர் பால் கலங்கலாக வரும். அதில் சைமீன், டெர்பினீன் வகையறா முந்திக்கொள்ளும். எலுமிச்சைத் தோலும் டர்பென்டைனும் சேர்ந்த ஒரு கூர்மை. தனியாக முகர்ந்தால் பெயின்ட் கடை நினைவு வரும். தைமால் கனமானது, பின்னால்தான் நிதானமாக வரும். இரண்டும் சீசாவுக்குள் கலந்தால்தான் ஓம மணம். முதல் அரை லிட்டரைக் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாராயக் கதைகளில் கேட்ட 'முதல் வடியைக் கொட்டு' என்பதை இங்கே கொண்டுவருகிறார்கள். ஓமத்தில் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

சாராயம் என்று வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். இந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, காய்ச்சப் போறீகளா?" என்பார். முழு பஸ்ஸும் சிரிக்கும். 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டத்தின்படி, மது வடிக்கிற நோக்கத்தோடு பானையும் குழாயும் வைத்திருந்தாலே குற்றம். அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஊறல் பானை வேறு, வாலை வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் விஷச் சாராயம் குடித்துச் செத்தபோது, 'காய்ச்சுகிற' எல்லாரையும் ஊர் ஒரே கண்ணால் பார்த்தது. அங்கே கொன்றது மெத்தனால், ஆலைச் சரக்கு. எந்தப் பானையிலும் வடித்தது அல்ல. இதைச் சொன்னால் அந்த வாரத்தில் கேட்க யாருக்கும் காது இல்லை. பெரியகுளத்துப் பக்கம் ஒரு மருந்துக்காரர் வாலையை உடைத்துப் பழைய செம்புக்குப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாம் பானையின் குடும்பம் உலகம் முழுக்கப் பரந்தது, அது பெரும்பாலும் மதுக்குடும்பம் என்பதும் உண்மைதான். ஜமைக்காவின் ரம் ஆலைகளில் ஒரு பானைக்குப் பக்கத்தில் இரண்டு 'ரிட்டார்ட்'கள் நிற்கும். முதல் பானையின் ஆவியே அடுத்தடுத்த இரண்டையும் கொதிக்கவைத்துக்கொண்டு போகும். கயானாவில் போர்ட் மொரான்ட் தோட்டத்திலிருந்து வந்த இரட்டை மரப்பானை இன்னும் டைமண்ட் ஆலையில் வேலை செய்கிறது. கிரீன்ஹார்ட் மரத்தால் செய்தது, 1732-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். மரத்தின் அடியில் தீ வைக்க முடியாதே, ஆவிதான் ஒரே வழி. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் ரோகன் கன்ஹாயும் ஆல்வின் காளிசரணும் பிறந்த ஊர் அந்தப் போர்ட் மொரான்ட். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் இன்றும் காளி பூசை நடத்துகிற பெர்பிஸ் பகுதி அது. தீப்படாத பானையை நம் ஆட்கள் அங்கே தினமும் பார்த்துக்கொண்டு கரும்பு வெட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் திக்கம் வடிசாலையின் பனஞ்சாராயத்தைப் பற்றிப் பேசும்போது இருக்கிற ரசனைக் கர்வம், நம் பக்கத்தில் வடித்தல் பற்றிய எந்தப் பேச்சிலும் இல்லை. இங்கே அது ரகசியமாக அல்லது கேலியாக ஆகிவிட்டது.

வத்திராயிருப்பு வைத்தியருக்கு அந்தக் கர்வம் இருந்தது. சதுரகிரி அடிவாரத்துக்காரர். தாணிப்பாறை வழியாக மலையேறி மூலிகை கொண்டுவந்த காலத்துக் கதைகள் நிறைய வைத்திருந்தார். இப்போது அது ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம், 2021-ல் அறிவித்தது, ஒரு இலை கிள்ள முடியாது. நல்லதுதான், புலியாவது மிஞ்சட்டும். அவர் வருத்தம் மூலிகை பற்றியது அல்ல. தீநீர் மருந்தா, தண்ணீரா என்று மக்கள் கேட்க ஆரம்பித்ததுதான் அவரை அரித்தது. பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் சிலர் அவரிடம் வந்து பானையைப் படம் வரைந்துகொண்டு போவார்கள். குழாய் முனையை வரைய மறந்துவிடுவார்கள். அவர் சொல்லவும் மாட்டார். "தேவைப்பட்டா கேட்டு வருவான்" என்பார். வந்தவர்கள் குறைவு.

பாத்திரம் செய்கிறவர்களின் கதை இன்னும் மோசம். அவர் பானையை அடித்துக்கொடுத்த கன்னார் தகட்டைத் தட்டித் தட்டியே வயிறு எடுத்தவர், ஒட்டு தெரியாது. உள்ளே வெள்ளீயம் பூசும்போது பானையைக் கங்கில் சுற்றிச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, அந்த வெள்ளைப் புகை எழும்புகிற நொடியில் ஈயக்கட்டியைத் தொட்டுப் பஞ்சால் ஒரே வீச்சில் துடைப்பார். கண்ணாடி படிந்துவிடும். இப்போது செம்புப் பானை என்றால் கல்யாண மண்டப வாசலில் பூ மிதக்கவிடுகிற உருளிதான். ஈயம் பூச ஆள் தேடிப் பிடித்தால், வெள்ளீயத்தோடு காரீயத்தையும் சேர்த்து உருக்கிக்கொண்டு நிற்கிறார். காரீயம் கலந்த பூச்சின் மேல் மருந்துத் தண்ணீர் இறக்குவதைவிட எவர்சில்வர் ஆயிரம் மடங்கு மேல். நான் எவர்சில்வருக்கு எதிரி இல்லை என்பதை ஒற்றைப் பானைக்காரர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாம் பானை எவர்சில்வராக இருந்தாலும் தீநீர் நன்றாகவே வரும். இரும்பு மட்டும் ஆகாது, எண்ணெய் கறுத்துப்போகும்.

கடையில் கிடைக்கிற ஓம வாட்டரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பேப்பரில் வருகிற ஊர் இது. மல்லி, வத்தல், பருப்பு என்று மூட்டைக்கு மூட்டை தரம் பிரிக்கத் தெரிந்த அண்ணாச்சிமார் இருக்கிற ஊர். ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்திறங்குகிற ஓமத்தை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தே விலை சொல்வார்கள். அதே ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்குகிற ஓம வாட்டர் பலவற்றில் வாலையின் நிழல்கூட விழுந்திருக்காது. ஓம உப்பை, அதாவது தைமாலை, வெந்நீரில் கரைத்து அடைத்தது. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாயில் விட்டதும் ஒரே அடியாகச் சுடும், அதோடு தீர்ந்தது. லிஸ்டரின் கொப்பளித்த ஞாபகம் வரும். வரத்தான் செய்யும், அதிலும் தைமால் இருக்கிறது, 0.064 சதவீதம். வடித்த தீநீர் அப்படி ஓடிவராது. நாக்கு நுனியில் எலுமிச்சைக் கசப்பு, நடுவில் வைக்கோல், தொண்டையில்தான் சூடு. ஏப்பத்தில் மறுபடி ஒருமுறை.

லேபிளைக் குறை சொல்ல முடியாது. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த சிவகாசி. தீப்பெட்டிக்குப் பின்னாலேயே லேபிள் அச்சு வந்து, காலண்டர் வந்து, நாட்டுக்கே படம் காட்டின ஊர். ஓமச் செடியும் சிரிக்கிற குழந்தையும் ஐந்து வண்ணத்தில் அச்சாகிச் சீசாவைச் சுற்றி ஒட்டியிருக்கும். ஒட்டின பசைக்கு ஆகிற யோசனையில் பாதி உள்ளே இருக்கிற தண்ணீருக்கு ஆகியிருக்கலாம். பசை என்றதும் ஒன்று: பானை மூடியின் வாயை அடைக்க மைதா பசைதான் நல்லது, சீலைமண் சுத்தமானதுதான் என்றாலும் பிரிக்கும்போது மண் உதிரும். ஆனால் அச்சகத்தில், பைண்டிங்கில் மிச்சமான பசையைக் கேட்டு வாங்கி வராதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போட்டிருப்பார்கள்.

மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று பட்டாசு செய்கிற இந்த வட்டாரத்தில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்படியிருந்தும் முதல் பானைக்கு மூச்சுக்குழாய் வைக்காமல் அடுப்பில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் துளைத்து, அடியை ஒரு விரல் தொடாமல் தண்ணீருக்குள் இறங்கி, மேலே இரண்டு முழம் நிமிர்ந்து திறந்து நிற்கிற ஒரு குழாய். அவ்வளவுதான். உள்ளே எங்காவது அடைத்துக்கொண்டால் அதில் தண்ணீர் ஏறும், ஏறுவது கண்ணில் படும், தீயைத் தள்ளிவிடலாம். அதன் இன்னொரு குணம் அதைவிட நயமானது. இறக்கி முடித்துத் தீயை இழுத்ததும் முதல் பானையின் ஆவி சுருங்கி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, இரண்டாம் பானையின் பழுப்புக் கஷாயத்தைக் குழாய் வழியாக உறிஞ்சப் பார்க்கும். உறிஞ்சினால் அடுத்த நாள் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். மூச்சுக்குழாய் இருந்தால், கஷாயம் அவ்வளவு உயரம் ஏறி வருவதற்கு முன் வெளிக்காற்று அதன் வழியாகக் களக்களக்கென்று உள்ளே போய்விடும். வால்வு கிடையாது, திருகு கிடையாது, ஆளும் வேண்டாம்.

குளிர்ச்சுருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காலம் பார்த்து இறக்குங்கள் என்பதைத் தவிர. சித்திரை வைகாசியில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கையைச் சுடும். அந்தத் தண்ணீரில் சுருளை முக்கினால் ஆவி பாதி குளிராமலே வெளியேறும், போகிறது அத்தனையும் மணம். மார்கழி, தை. விடியுமுன் அடுப்பு மூட்டினால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதில் மட்டும் வைத்தியரோடு எனக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கடைசியில் காரம் மெலிந்து, நனைந்த வைக்கோல் வாடை தலைகாட்டும். அது தெரிந்த உடனே அவர் சீசாவை நகர்த்திவிடுவார். "மாட்டுத் தொழு" என்பார். எனக்கு அந்த வாடை கொஞ்சம் வேண்டும். கிலோவுக்கு இன்னும் ஓர் அரை லிட்டர் விடுவேன். முதலில் வந்த டர்பென்டைன் கூர்மையை மழுக்குவதற்கு அதைவிட வேறு சரக்கு இல்லை. ஒரு மாதம் கண்ணாடிச் சீசாவில் இருட்டில் கிடந்தால் இரண்டும் சமாதானமாகிவிடும். அதற்கு மேல் வருகிறது வெந்நீர், ரசத்துக்குக்கூட ஆகாது.